வங்கம் கரை சேர்ந்ததா

பொன்னி மாமனாரின் தலையை மடியில் தூக்கி வைத்து ஸ்பூனால் பாலைப் புகட்டினாள். பாதி கடைவாய் வழியே வழிந்தது. துடைக்கும்போது அவர் கண்ணைத் திறந்தார்.

"வங்கம்..."

"வங்கமா? கல்கத்தா பக்கம்தானே அது? வாத்யாருக்கு அங்க யாருமா இருக்குறாங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக் கமலவேணி.

"ஊரு இல்லக்கா. எங்க வீட்டுக்காரரு போற சரக்குக் கப்பலைக் கேக்குறாரு."

மகன் அருளுக்குக் கப்பல் வேலை கிடைத்த நாளிலிருந்து குமரகுரு வாத்தியார் வாயில் அந்தச் சொல்தான். சரக்கேற்றிக் கடல் தாண்டிய மரக்கலங்களுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயராம். வங்க நாட்டு வியாபாரத்தால் வந்த பெயர் என்று யாராவது சொன்னால் விடமாட்டார். "வங்குன்னா வளைஞ்ச விலாச்சட்டம்பா. கப்பலோட எலும்பு. அதுலேர்ந்து வந்துது" என்று தன் விலாவைத் தட்டிக் காட்டுவார். இப்போது அந்த எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மூச்சுக்கு விரிந்தன, பிறகு வெகுநேரம் அசையவில்லை.

முந்தாநாளிலிருந்து அருள் பேசவில்லை. அவன் போகும் வழியில், செங்கடலில் ஏதோ சரக்குக் கப்பல் எரிவதாக டிவியில் காட்டினார்கள், பெயர் சொல்லவில்லை. கம்பெனியில் யாரும் ஃபோனை எடுக்கவில்லை. பொன்னி டிவி ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். கமலவேணியிடம்கூடச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடுமோ என்று பயம்.

அவர் விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. "கரை சேந்துதாமா?"

டிவியைப் பார்த்துவிட்டாரோ?

"சேந்துடுச்சு மாமா. எறங்கி வந்துக்கினே இருக்குறாரு."

அவர் அவளையே பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிடி தளரவில்லை, அடுத்த மூச்சுதான் வரவில்லை. கமலவேணி குனிந்து மூக்கருகே விரல் வைத்தாள்.

"போய்ட்டாருமா."

பொன்னிக்கு அழுகை வரவில்லை. பொய்யைச் சொல்லி அனுப்பிவிட்டோமே என்றுதான் இருந்தது. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது அடுப்படியில் ஃபோன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு எண். எடுக்கக் கை வரவில்லை. ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"பொன்னி, நான்தான். வேற ரூட்ல திருப்பிட்டாங்க, சிக்னலே இல்ல. இப்பதான் போர்ட்டுக்கு வந்தோம். பயந்துட்டியா? அப்பாகிட்ட குடு."

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"நீங்க மொதல்ல சாப்ட்டீங்களா?"

கூடத்தில் கமலவேணி பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்து, வாத்தியாரின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.