பின்னால் பார்க்கும் வண்டி

அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து அதை அணைக்கிறேன். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைக்கிறேன். பொங்குவதற்குள் பல் துலக்கிவிடலாம். மகளை எழுப்புகிறேன். எழமாட்டாள். மறுபடி எழுப்புகிறேன். முட்டை, ரொட்டி, தண்ணீர் பாட்டில். பிறகு இரண்டு பின்னல். இடப்பக்கப் பின்னல் எப்போதும் சற்று மேலே ஏறிக்கொள்ளும்.

“அப்பா, இது கோணல்.”

அவிழ்த்துப் பின்னுகிறேன். மறுபடியும் கோணல்.

“பரவால்ல விடு. நீ என்ன பண்ணுவ, பாவம்.”

அவளுக்கு நான்கு வயது.

மகளைப் பள்ளி வேனில் அத்தை ஏற்றிவிடுவார். நான் பஸ் பிடித்து அலுவலகம் போவேன். படித்தது எலக்ட்ரானிக்ஸ். பார்ப்பது காப்பீட்டுக் கம்பெனியில் கணினிக்கு முன் உட்காரும் வேலை.

இது என் மனைவியின் பெற்றோர் வீடு. அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோது மூவரும் இங்கே வந்தோம். அவள் போனபிறகு இருவரும் இங்கேயே இருக்கிறோம். யாரும் போகச் சொல்லவில்லை. நானும் போகிறேன் என்று சொல்லவில்லை.

முன்பெல்லாம் என் அலாரத்துக்கு முன்பே மாமாவின் டிராக்டர் சத்தம் கேட்கும். இப்போது கேட்பதில்லை. மாமா பின்வாசல் படியில் கழுத்தில் சுடுதண்ணீர்த் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டிராக்டர் சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது.

நடந்தது இதுதான். மாமாவின் கழுத்து எலும்பு தேய்ந்து பல வருடமாகிறது. தலையைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். தன் மகள் நோயில் கிடந்த மாதங்களில் வண்டியை வேப்பமரத்தடியிலேயே நிறுத்திவைத்தார். அவள் போனபிறகும் அப்படித்தான். ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியைக் கொட்டகைக்குள் விடலாம் என்று பின்னால் எடுத்தார். எடுத்தவர் நிறுத்தவில்லை. பின்சுவரில் மோதித்தான் வண்டி நின்றது. சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என் மகளின் மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அவள் அதில் இல்லை. தண்ணீர் குடிக்க உள்ளே ஓடியிருந்தாள்.

சைக்கிளை நான்தான் இழுத்தெடுத்தேன். அப்பளம்போல் இருந்தது. மாமா இறங்கி வந்து அதைப் பார்த்தார். பிறகு சாவியை ஆணியில் மாட்டினார்.

“யானைக்கும் அடி சறுக்கும்,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“யானை சறுக்கினா யானைக்குத்தான் அடி,” என்றார் மாமா.

அத்தைக்கு வேறு வழி தெரியவில்லை. வண்டியை விற்க ஒரு தரகரிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து பார்ப்பதாகப் பேச்சு. டிராக்டர் போனால் நிலத்தையும் யாருக்காவது விட்டுவிட வேண்டியதுதான். அதன்பிறகு மாமா காலையில் எதற்காக எழுந்திருப்பார் என்று யோசித்தேன். அது எனக்குக் கொஞ்சம் பழக்கமான கேள்வி.

சனிக்கிழமை அரைநாள் வேலை. கார் உதிரிபாகக் கடையில் இரண்டு கேமராவும் ஒரு சின்ன மானிட்டரும் வாங்கினேன். கார் பின்னால் போகும்போது பார்ப்பதற்கானவை. இருப்பதில் மலிவானவை. பெட்டியின்மேல் படத்தில் ஒரு பெண் காரோட்டிக்கொண்டே சிரித்தாள்.

அத்தை பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன இது மாப்பிள்ளை, வண்டிக்கு டிவியா?”

“பின்னாடி தெரியும் அத்தை. கழுத்தைத் திருப்ப வேண்டாம்.”

“விக்கப்போற வண்டிக்கு எதுக்கு மையும் பொட்டும்?” என்றவர், குரலை உயர்த்தி, “ஏங்க, உங்க மாப்பிள்ளை டிராக்டருக்குக் கண்ணு வாங்கிட்டு வந்திருக்கார்,” என்று பின்வாசலைப் பார்த்துச் சொன்னார்.

“சீரியல் வருமான்னு கேளு,” என்றார் மாமா.

அந்த வாரத்தில் அவர் சொன்ன முதல் நீளமான வாக்கியம் அது.

ஞாயிறு காலை வேலையை ஆரம்பித்தேன். சால்டரிங் இரும்பைக் கல்லூரிக்குப் பிறகு கையில் எடுத்ததில்லை. முதல் இணைப்பிலேயே விரலைச் சுட்டுக்கொண்டேன். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியைத் தேடிப்பிடித்து, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, அங்கிருந்து மானிட்டருக்கு எடுத்தேன். ஒரு கேமராவை வண்டியின் கூரைக் கம்பியில் மேலே கட்டினேன். அது கொட்டகை முழுவதையும் காட்டும். இன்னொன்றைக் கீழே, டிரெய்லர் மாட்டும் கொக்கியைப் பார்த்தமாதிரி வைத்தேன். இன்ஜினை ஓடவிட்டதும் படம் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கேமராவுக்கு அடியில் கொடுத்தேன். நடுக்கம் குறைந்தது. வெயிலில் திரை வெளுத்துப்போனது. கறுப்பு ஆயில் கேனை வெட்டி அதற்கு ஒரு கூரை செய்தேன்.

மாமா படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. ஒரு முறைதான் குரல் கொடுத்தார். வயரைப் பிடிக்க ஒரு கிளிப் வேண்டும் என்று இடது மட்கார்டின் ஓரத்தில் துளை போடப் போனேன். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து, தகரம் சின்னச் சின்னக் குழிகளாக இருந்தது.

“அங்க வேண்டாம் மாப்பிள்ளை. தள்ளிப் போட்டுக்கங்க.”

தள்ளிப் போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை.

மகளைக் கொட்டகைக்குள் நிற்கச் சொன்னேன். இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டேன்.

“அப்பா, நான் தெரியறேனா?”

“தெரியற.”

“பல்லு தெரியுதா?”

“தெரியுது. கொஞ்சம் இப்படி நட.”

திரையில் பாதிக்குப் பாதி இரண்டு படம். மேல் படத்தில் அவள் இடப்பக்கம் நடந்தாள். கீழ்ப் படத்தில் வலப்பக்கம் நடந்தாள். ஒரு கேமரா கண்ணாடிபோல் காட்டுகிறது, மற்றது அப்படிக் காட்டவில்லை. ஓடிவந்து மடியில் ஏறியவள், ஒன்றில் இந்தப் பக்கமும் மற்றதில் அந்தப் பக்கமும் அவள் நடந்ததை நான் சொன்னதும் கேட்டாள்.

“அதுல எது நான்?”

“ரெண்டும் நீதான்.”

“அப்ப ஒண்ணை அம்மாகிட்ட அனுப்பிடலாமா?”

கீழ்க் கேமராவின் வயரில் ஒரு பச்சைக் கம்பி வளையமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டினால் படம் திரும்பிக்கொள்ளும். வெட்டினேன். திரும்பிக்கொண்டது. அவளைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தேன்.

மதியம் அத்தையைப் பார்க்க ஓர் உறவுக்காரப் பெண்மணி வந்தார். கூடத்தில் பேச்சு கேட்டது. “கடைசியா ஏதாவது சொன்னாளா?” என்று அவர் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான்.

“குழந்தையைப் பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டா,” என்றார் அத்தை. எப்போதும் சொல்வதுதான்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அத்தை அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவள் சொன்னது எனக்கே புரியாத ஏதோ ஒன்று. புரியாததை யாரிடம் போய்ச் சொல்வது? அத்தையின் வாக்கியம் நன்றாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

தரகர் வர இன்னும் நேரமிருந்தது. சாவியை மாமாவின் கையில் கொடுத்தேன்.

“ஒரு தடவை மாமா. பிடிக்கலைன்னா கழட்டிடறேன்.”

மகளை அத்தையின் இடுப்பில் ஏற்றி வாசலில் நிற்கவைத்தேன். கொட்டகைச் சுவருக்கு முன்னால் ஒரு காலி பிளாஸ்டிக் டிரம்மை வைத்தேன். மாமா ஏறி உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி மறுபடி பார்த்தார்.

“அட, நம்ம கொட்டகை,” என்றார். “ஒட்டடை அடிக்கணும் போலிருக்கே.”

“எல்லாம் எனக்குத் தெரியும், உங்களுக்குத்தான் டிவியில காட்டணும்,” என்றார் அத்தை.

வண்டி பின்னால் வந்தது. மெதுவாக, நேராக. எனக்கு நெஞ்சு லேசானது. டிரம் நெருங்கியது. மாமாவின் கண் திரைமேலேயே இருந்தது. வண்டி நிற்கவில்லை. “மாமா!” என்று கத்தினேன். டிரம் சாய்ந்து, உருண்டு, சக்கரத்தின் கீழ் நொறுங்கியது. அதன்பிறகுதான் பிரேக்.

மகள் அழ ஆரம்பித்தாள். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். போகும்போது, “போதும் மாப்பிள்ளை. வர்றவர் வந்து ஓட்டிட்டுப் போகட்டும்,” என்றார்.

மாமா இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தார். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“சரியாத் தெரியலையா மாமா? வெளிச்சம் கூட்டட்டுமா?”

“நல்லாத் தெரிஞ்சுது. டிரம்முல எழுதியிருந்ததுகூடப் படிச்சேன்.”

“அப்புறம்?”

உடம்போடு என் பக்கம் திரும்பினார்.

“கழுத்தும் இல்ல, கண்ணும் இல்ல மாப்பிள்ளை. அவ சின்னப் பிள்ளையா இருந்ததுல இருந்து நான் பின்னாடி பார்த்ததே இல்ல. அவதான் பின்னாடி நிப்பா. இந்த மட்கார்டுல தட்டுவா. இன்ஜின் சத்தத்துல பேச்சு காதுல விழாதுல்ல? அந்தத் தட்டு வந்தா கால் தானா பிரேக்குக்குப் போயிடும். அன்னிக்கும் தட்டு வரும்னுதான் இருந்தேன். இப்பவும் பாருங்க, டிரம் பெருசாகிட்டே வருது, தட்டு வரட்டும்னு உட்கார்ந்திருக்கேன்.” முழங்காலைக் கையால் தேய்த்தார். “அவ இல்லைன்னு மண்டைக்குத் தெரியுது. காலுக்கு யார் சொல்றது?”

உரிந்த பெயின்டைப் பார்த்தேன். குழிகளைப் பார்த்தேன். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் வாரக் கடைசியில் இங்கே ஓடிவருவாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

ஆனால், பல மாதமாகப் புரியாமல் வைத்திருந்த ஒன்று அப்போது புரிந்தது.

தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தேன்.

“முன்னால எடுங்க மாமா. இன்னொரு தடவை.”

“டிரம்தான் போச்சே.”

“வாளி வைக்கறேன்.”

வண்டி முன்னால் போனதும் வாளியை வைத்துவிட்டு, சக்கரத்துக்கு எட்டாமல் இடப்பக்கம் ஒதுங்கி நின்றேன். கையை நீட்டினால் மட்கார்டு எட்டியது. ஒரு முறை தட்டினேன். வண்டி பின்னால் வந்தது. நானும் கூடவே நடந்தேன். இன்னொரு முறை, ஒரே தட்டு. வந்தது. வாளி ஒரு முழத்துக்கு வந்ததும் இரண்டு முறை தட்டினேன்.

நின்றது. சுவரைப் பார்த்து நின்ற மாடுபோல் அசையாமல் நின்றது.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பவும் முடியாது. வண்டியை முன்னால் எடுத்தார். மறுபடி வந்தார். மறுபடி தட்டினேன். இந்த முறை அவர் கண் திரையில் இருந்தது. வாளி பெரிதாவதையும் தட்டு கேட்பதையும் சேர்த்துவைத்துப் பழக்கிக்கொள்கிறார் என்று தெரிந்தது.

“நீங்க தள்ளி நில்லுங்க,” என்றார்.

தள்ளி நின்றேன். அவர் தனியாகப் பின்னால் வந்தார். வாளி நெருங்கியது. மாமா இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். மட்கார்டின் மேல் தானே இரண்டு முறை தட்டினார். கால் பிரேக்குக்குப் போனது.

வாளி அப்படியே நின்றது.

அத்தை வாசலுக்கு வந்திருந்தார். கையில் ஃபோன்.

“அந்த ஆள் கிளம்பிட்டாராம். என்ன சொல்றது?”

மாமா யோசிக்கவில்லை. “டிவி பார்த்துக்கிட்டிருக்கோம், அப்புறம் வரச் சொல்லு.”

“அப்புறம்னா?”

“நம்ம வாலு பேத்திக்குக் கல்யாணம் முடிஞ்சப்புறம்.”

அத்தை எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “நல்ல மாமனார், நல்ல மாப்பிள்ளை,” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஃபோனோடு உள்ளே போனார். அவர் பேச ஆரம்பித்தது கேட்டது. குரல் உற்சாகமாக இருந்தது.

மாமா இன்ஜினை அணைத்தார். திரை அணைந்தது. திடீரென்று எல்லாம் அமைதியாக இருந்தது. மெதுவாக, படிப்படியாக இறங்கி, என் முன்னால் வந்து நின்றார்.

“நீங்க ஒரு நாளும் இந்தப் பக்கம் வந்ததில்ல.”

“இல்ல மாமா.”

“அவ தட்டுவான்னுதான் சொன்னேன். எத்தனை தட்டுன்னு நான் சொல்லல. அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். உங்க அத்தைக்கே தெரியாது.” ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “யார் சொன்னா உங்களுக்கு?”

“அவதான்.”

“எப்போ?”

ஆஸ்பத்திரி என்றேன். கடைசி நாள் மத்தியானம். ஜன்னலுக்குக் கீழே ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. இன்ஜின் சத்தம் அறை முழுக்க இருந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரல் மட்டும் எதையோ தேடியது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். நான் குனிந்து காதை அவள் வாய்க்கருகில் வைத்தேன்.

மாமா காத்திருந்தார். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னேன்.

“ரெண்டு தட்டுங்க. ஒண்ணு தட்டினா அப்பா வந்துக்கிட்டே இருப்பார்.”