மடித்து வைத்த நாற்காலிகள்

எவன்ஸ்டனில் ஜூலை முதல் தேதி ஒரு வீட்டார் நாற்காலி போடவில்லை என்றால், அந்த வீட்டில் யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம் சென்ட்ரல் தெரு வழியாகப் போகும். அதற்கு முதல் தேதியே சாலையோரப் புல்லில் ஆளாளுக்கு நாற்காலி போட்டு, கயிறு கட்டி, போர்வை விரித்து இடம் பிடித்துவிடுவோம். காவலுக்கு ஆள் கிடையாது. மழையில் நனைந்துகொண்டு கிடந்தாலும் அடுத்தவர் நாற்காலியை யாரும் தொட மாட்டார்கள். சிகாகோ நகரத்துக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், புறநகர்க்காரர்களுக்கு வேறு வேலை இல்லை என்று. சிரிக்கட்டும். நாய் குரைப்பதிலிருந்து வேலியின் உயரம் வரை எல்லாவற்றுக்கும் சண்டை போடும் இந்த ஊரில், சண்டை இல்லாமல் நடந்த ஒரே காரியம் அதுதான்.

எங்கள் இடம் தெரு முனை. அங்கே நடைபாதை சாலைக்குச் சரிவாக இறங்கும், பெரிய ஓக் மரத்தின் நிழலும் உண்டு. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்திலிருந்து அங்கேதான் உட்காருவோம். என் கணவன் லியோ தீயணைப்புப் படையில் இருந்தவன். ஓய்வு பெற்றதும் அவனும் அவன் கூட்டாளி ரெஜியும், உடைக்கப் போகவிருந்த ஒரு பழைய சிவப்புத் தீயணைப்பு வண்டியை வாங்கி, எங்கள் கார் கொட்டகையில் வைத்து உயிர் கொடுத்தார்கள். அந்தச் சனியனுக்காக என் கார் எத்தனையோ குளிர்காலம் பனியில் நின்றது. ஊர்வலத்தில் லியோதான் அதை ஓட்டினான். கை நடுக்க நோய் வந்தபின் ரெஜி ஓட்டினான். எங்கள் முனைக்கு வந்ததும் ரெஜி வண்டியை நிறுத்தி மூன்று முறை மணி அடிப்பான், லியோ உட்கார்ந்தபடியே சல்யூட் வைப்பான். வருஷம் முழுக்க லியோ காத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

போன வருஷம் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார், இன்னொரு கோடையை லியோ பார்ப்பது கஷ்டம் என்று.

"அப்ப இந்தத் தடவை மணி எனக்கு. அடுத்த தடவை நீ வாங்கிக்கோ," என்றான் லியோ. நான் திட்டினேன்.

ரெஜி அவனை வண்டியிலேயே ஏற்றிக்கொள்கிறேன் என்று பார்த்தான். "என்னை மூட்டை மாதிரி கட்டிவெச்சு ஊர் பூரா இழுத்துட்டுப் போறதுக்கா? நான் முனையிலயே உக்காந்துக்கறேன். நீ மணி அடிக்க மறந்துடாத, அது போதும்," என்று லியோ அவன் வாயை அடைத்துவிட்டான்.

முதல் தேதி காலையில் நானே போய் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஓக் மரத்தோடு சேர்த்துக் கயிறு கட்டினேன். நாலாம் தேதி லியோவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனால், முனை முழுக்க ஒரு வெள்ளைக் கூடாரம். சரிவை அடைத்துக்கொண்டு ஐஸ் பெட்டி. எங்கள் நாற்காலிகள் மடித்து வேலியோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கயிற்றைக்கூட அழகாகச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள்.

அந்த முனை வீட்டைக் குளிர்காலத்தில் வாங்கிக் குடிவந்த ப்ரைஸ், கையில் இடுக்கியோடு வந்தான்.

"வாங்க மார்லீன், சாப்பிட்டீங்களா? கறி இப்பதான் வெந்துட்டிருக்கு." முதல் நாளிலிருந்தே அவன் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான், ஏதோ ஒரே வகுப்பில் படித்தவர்கள் மாதிரி.

"எங்க நாற்காலிய யாரு எடுத்தது?"

"நான்தான். தூக்கி எறியலைங்க, பத்திரமா மடிச்சுத்தான் வெச்சிருக்கேன். இது எங்க வீட்டு முன்னாடி இல்லையா? ஆபீஸ்லேர்ந்து நிறைய பேரைக் கூப்பிட்டுட்டேன்."

"வீடு உன்னுது. இந்தப் புல்லு ஊரோடது."

"ஊரோடதுன்னா எல்லாருக்கும் பொதுதானே," என்று சிரித்தான். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு சிரிக்கிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

கூடாரத்துக்குள் ஜோன் பெட்ராகிஸ் மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் போனபின் ஒவ்வொரு குளிர்காலமும் அவள் வாசல் பனியை அள்ளிப் போட்டது லியோ.

"ஜோன், இது யார் இடம்னு நீயாவது சொல்லேன்."

ஜோன் கையிலிருந்த சோளக்கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு வருஷம்தானே மார்லீன். விட்டுக் குடுத்தா என்ன?"

டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். அவள் சமையலறையில் உட்கார்ந்துதான் நான் அழுதேன்.

ப்ரைஸ் அதற்குள், "அடுத்த வருஷம் இந்த இடம் உங்களுக்குத்தான், நானே பிடிச்சு வெக்கறேன். இப்ப வேணும்னா உள்ள வாங்க, பின்னாடி நிழல்ல இடம் இருக்கு," என்றான். பின்னாடி என்றால் அடுப்புக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில்.

அந்த ஐஸ் பெட்டியை நடுச்சாலையில் கவிழ்த்திருப்பேன். லியோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வா, போலாம். இவன் கூடாரத்துல ஒண்டிக்கிட்டு என் வண்டியப் பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

ஊர்வலம் வரும் திசையில் தள்ளிக்கொண்டே போனேன். இடைவெளியே இல்லை. கடைசியில் ஒரு வீட்டு வாசலில், நாலு வரிசை முதுகுகளுக்குப் பின்னால், வெயிலில் அவனை நிறுத்தினேன். நகரச் சொல்லிக் கேட்டதற்கு ஆளுக்கு ஓர் அங்குலம் நகர்ந்தார்கள். ரெஜிக்குப் போன் செய்தேன். அந்த இன்ஜின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, போன் எங்கே கேட்கும்? நேரில் மறித்துவிடலாம் என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு சாலை விளிம்புக்குப் போனேன்.

பள்ளிக்கூட வாத்தியக் குழு போனது. ஓட்டுக் கேட்கிறவர்கள் கும்பிடாத குறையாகச் சிரித்துக்கொண்டே போனார்கள். அப்புறம் வண்டி வந்தது. நான் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன், "ரெஜி, நிறுத்து, லியோ இங்க இருக்கான்." என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ரெஜியும் வாயெல்லாம் பல்லாக எனக்குக் கையாட்டிவிட்டுப் போயே போய்விட்டான்.

முனைக்குப் போனதும் வண்டி நின்றது. மணி மூன்று முறை அடித்தது. கூடாரமே எழுந்து கைதட்டியது. ப்ரைஸ் இடுக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நெற்றியில் வைத்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

திரும்பி ஓடிவந்தேன். லியோ அந்த முதுகுகளைப் பார்த்துச் சல்யூட் வைத்துக்கொண்டிருந்தான். கை நெற்றிக்குப் போகவில்லை, பாதி வழியில் நின்று ஆடியது. முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, பாவம், ஏதோ கேட்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, வண்டியிலிருந்து வீசிய மிட்டாய் ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"பாத்தானா?" என்று கேட்டான் லியோ.

"பாத்தான்," என்றேன்.

அன்று சாயங்காலம் ரெஜி பீர் பாட்டில்களோடு வீட்டுக்கு வந்தான். கண்புரையை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவன் அவன். கூடாரத்து நிழலில் ஒரு கை நெற்றிக்குப் போனதை மட்டும் பார்த்திருக்கிறான்.

"டேய் லியோ, என்னடா சல்யூட் அது. கை கொஞ்சம்கூட நடுங்கலையே," என்றான். "நான் வண்டியில அழுதுட்டேன்டா."

லியோ என்னைப் பார்த்தான். நான் சன்னலைப் பார்த்தேன்.

"புது மருந்து," என்றான் லியோ ரெஜியிடம்.

அதற்கப்புறம் அவன் அந்த ஊர்வலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நான் சொன்ன பொய்யைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அக்டோபரில் போய்விட்டான்.

இந்த வருஷம் முதல் தேதி நான் நாற்காலி போடப் போகவில்லை. ரொட்டி வாங்கப் போகும்போது பார்த்தால், முனையில் கூடாரம் இல்லை. ஓக் மரத்தடியில் இரண்டு புது நாற்காலிகள், சுற்றிலும் கயிறு, அதில் சிவப்பு நீல ரிப்பன். ப்ரைஸ் தோட்டத்துக் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"பாத்தீங்களா மார்லீன், சொன்ன மாதிரியே பிடிச்சு வெச்சுட்டேன். சரிவையும் விட்டுட்டேன், சார் சக்கர நாற்காலிக்கு. சார் எங்க, ஆளையே காணோம்?"

"செத்துட்டான்," என்றேன்.

அவன் வாய் திறந்தது. "எனக்குத் தெரியாதுங்க, யாருமே சொல்லலையே," என்று இழுத்தான். நான் ரிப்பனை அவிழ்த்தேன். கயிற்றைச் சுருட்டினேன். நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடித்து அவன் வேலியோரம் சாய்த்து, கயிற்றை மேலே வைத்தேன்.

"தூக்கி எறியலை," என்றேன். "பத்திரமா மடிச்சுத்தான் வெச்சிருக்கேன்."