டியர் வைத்தியநாதன்

ஹைதராபாத்தில் எனக்கு வைத்தியநாதன் என்று பெயர். வேலையில் சேர்ந்த புதிதில், மாதாப்பூர் அலுவலகத்துக்கே வந்து மேசை போட்டு உட்கார்ந்து, புதியவர்கள் எல்லோருக்கும் சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது ஒரு வங்கி. படிவத்தில் முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். மாயவரத்தில் பிறந்தவளுக்குக் கடைசிப் பெயர் ஏது? அதுவரை வை. சுபாஸ்ரீ என்று நிம்மதியாக இருந்தவள், அந்த 'வை'யை விரித்து இரண்டாவது கட்டத்தில் எழுதினேன். அன்றிலிருந்து வங்கிக்கு நான் 'டியர் வைத்தியநாதன்'. வாடகைக் கார்க்காரர்கள் மீசை வைத்த ஒருவரைத் தேடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போவார்கள். கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

சம்பளம் வந்துகொண்டிருந்தவரை அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் வேறு கம்பெனிக்குப் போய், சம்பளம் வேறு வங்கிக்குப் போனதும் அது சாதாரணக் கணக்காகிவிட்டது. சாதாரணக் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் எப்போதும் சும்மா கிடக்க வேண்டுமாம். கிடக்காவிட்டால் மாதாமாதம் அபராதம். அபராதத்துக்கு வரி வேறு. பணம் இல்லாத குற்றத்துக்கு இருக்கிற பணத்தில் கை வைக்கும் இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா என்று தெரியவில்லை. வரும். அவர் கணக்கில் பத்தாயிரம் இருக்கும்.

கணக்கை மூடலாம் என்று போன் செய்தால், ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அரை மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, கிளைக்கு நேரில் வர வேண்டும் என்றார்கள். கிளை அமீர்பேட்டில். நான் வேலையில் இருக்கும் நேரத்தில்தான் அதுவும் திறந்திருக்கும். இருந்ததை ஏ.டி.எம்.மில் வழித்து எடுத்தேன். நூறு நூறாகக்கூட வராமல் மிச்சம் நின்றதைத் தின்று தொலைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா இல்லாத வீட்டில் தனியாக இருக்க முடியாமல் அப்பா குகட்பள்ளிக்கு என்னோடு வந்துவிட்டார். ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுக் கம்பெனியில் எனக்குப் போனும் நம்பரும் கொடுத்திருந்தார்கள். பழைய போனை அதிலிருந்த நம்பரோடு அப்பாவிடம் கொடுத்தேன். அதன்பிறகு எனக்கு 'டியர் வைத்தியநாதன்' வரவில்லை. கணக்கு தானாகவே செத்துவிட்டது என்று நினைத்தேன்.

சாகவில்லை என்பது போன மாதம்தான் தெரிந்தது. லீவு நாளில் அமீர்பேட் போனவள், அந்த வங்கியைப் பார்த்ததும் காரியத்தை முடித்துவிடலாம் என்று உள்ளே போனேன். கவுண்ட்டரில் ஸ்மிதா என்ற பெண். கணினியைப் பார்த்துவிட்டு, கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் இருக்கிறது என்றாள்.

"இருக்காது. யார் போட்டது?"

"ஒவ்வொரு மாதமும் ரொக்கமாகக் கட்டியிருக்கிறார்கள் மேடம். கட்டியவர் பெயர் சி. வைத்தியநாதன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வாசல் காவலர் இர்பான் பக்கத்திலேயே நின்றிருந்தார். "தமிள் அங்கிள்! ஹர் மஹினா ஆத்தே மேடம். ஸ்லிப் மைச் பர்த்தியா" என்று சிரித்தார். அப்பா மாதாமாதம் வருவாராம், பணம் கட்டும் சீட்டை இவர்தான் நிரப்பித் தருவாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவை யாரோ ஏமாற்றிப் பணம் பிடுங்குகிறார்கள் என்றுதான் தோன்றியது. ஸ்மிதாவிடம் சண்டை போட்டேன். அவள் பாவம், அவராகத்தான் காசோலையில் இருந்த கணக்கு நம்பரோடு வந்தார் என்று மூன்று தடவை சொன்னாள். கணக்கை மூடாமலே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அமீர்பேட் பேங்க்ல பணம் கட்டினீங்களாப்பா?"

"தெரிஞ்சுபோச்சா?" என்றார். திருட்டுத்தனம் பிடிபட்ட முகம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அலமாரியிலிருந்து என் பழைய காசோலைப் புத்தகத்தை எடுத்துவந்தார். ஒவ்வொரு தாளிலும் சுபாஸ்ரீ வைத்தியநாதன் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. முதலில் என் பெயரில் விரலை வைத்தார், பிறகு தன் பெயரில்.

"ரெண்டு பேர் பேரும் போட்டிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

பெயர் என்றால் முன்னால் ஓர் எழுத்து, அப்புறம் ஒரு பெயர். இரண்டு பெயர் இருந்தால் இரண்டு ஆள். ஆயுள் முழுக்க அப்படித்தான் அவர் படித்திருக்கிறார்.

"மொதல்ல மெசேஜ் வந்தப்ப ஒண்ணும் புரியல. டியர் வைத்தியநாதன், உங்க கணக்குல பணம் பத்தல, பிடிச்சுக்கிட்டோம்னு எழுதியிருந்தான். நமக்கு ஏதுடா இங்க கணக்குன்னு பாத்தா, இந்த செக்கு புக்கு கெடச்சுது. வேலைக்குச் சேந்த கையோட அப்பாவையும் சேத்துத் தொடங்கியிருக்கே. இப்ப உனக்குக் கை கடிக்குது போலருக்குன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவே. அதான் பென்ஷன்லேருந்து ரெண்டு ரெண்டாயிரமா போட்டேன். நான் போடப் போட அவன் பாட்டுக்கு எடுத்துக்கிட்டிருக்கான், அது வேற."

வெங்காயத்தட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "நம்ம பார்சல் ஆபீஸ் பத்ரிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவன் மகன் அமெரிக்காவுல இருக்கான். என்னத்துக்கு ஆச்சு? உம்பேருல ஒரு கணக்கு தொடங்கினானான்னு கேட்டேன். வாயத் தொறக்கல அவன்."

அப்பாவைச் சேர்த்துக் கணக்கு தொடங்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினேன். வெட்கமாக இருந்தது. "ஆமாம்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

சொன்னதை இனி உண்மையாக்கியே தீர வேண்டும். பத்ரி மாமா வரைக்கும் போய்விட்டதே. பேங்கில் புதுப் போட்டோவும் கையெழுத்தும் கேட்கிறார்கள் என்று சொல்லி அடுத்த சனிக்கிழமை அப்பாவை அழைத்துப் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். இர்பான் அவருக்கு நாற்காலி போட்டார். எனக்குப் போடவில்லை. என் தந்தையைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்க வேண்டும் என்று ஸ்மிதாவிடம் தெலுங்கில் சொன்னேன். அப்பாவுக்குத் தெலுங்கு தெரியாது.

"சர்நேம்?"

"சி. வெறும் இனிஷியல்தான்."

"சர்நேம் லேகபோத்தே சிஸ்டம் தீஸ்கோது மேடம்."

கடைசிப் பெயர் இல்லாமல் கணினி ஏற்காது என்றால் ஏற்காதுதான். 'சி'யை விரித்துச் சொன்னேன். சந்திரசேகரன். என் தாத்தா. அப்பா போட்ட பணத்தோடு பத்தாயிரம் ஆவதற்கு எவ்வளவு குறைகிறதோ அதையும் கட்டினேன். இவ்வளவு நாள் கட்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த பணம். வங்கி ஜெயித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கையில் வைத்திருந்தார். டிவி ஓடவில்லை.

"டியர் சந்திரசேகரன்னு வந்திருக்கு" என்றார். "உங்களைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம், நல்வரவுன்னு போட்டிருக்கான்."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"எங்கப்பா பேங்க் வாசல மிதிச்சதே இல்ல. அதனால அது நான்தான்." போனை மறுபடி பார்த்தார். "நான் சந்திரசேகரன்னா, வைத்தியநாதன் யாரு?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீயா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப நான் அதுல இல்லவே இல்ல."

"சனிக்கிழமையிலேருந்து இருக்கீங்க."

அவர் போனைத் தேய்த்து, பழைய செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் பெயர்தான். ஒன்றும் அவருக்கு வந்ததில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு. பத்ரி மாமாவை நினைத்தால் இன்னும் மோசமாக இருந்தது.

"மூடிடலாம்ப்பா" என்றேன். "நீங்க போட்டத எடுத்துக்கலாம். மூடுறதுக்கு இப்ப உங்க கையெழுத்தும் வேணும், அவ்வளவுதான். தண்டத்துக்கு எதுக்கு வச்சிருக்கணும்?"

"அந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு அவன் சொன்னானா?"

"இல்லப்பா. எதாவது எழுதணும், அவ்வளவுதான். சில பேரு ஊர் பேரு எழுதினாங்க. ஒருத்தி தன் பேரையே ரெண்டு தடவை எழுதினா."

"நீ என் பேர எழுதினே."

"ஆமாம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப மூடறதுக்கு நான் கையெழுத்து போடமாட்டேன்" என்றார்.