நடுத்துண்டு

சாப்பாட்டில் குறை பிடிக்கிற ஆள் நான் இல்லை. எனக்குக் கோபம் மட்டும்தான் உண்டு. அது பூநகரி முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனாலும் இந்த ஆவணியில் அயலட்டை எல்லாம் என்னை வாய்க்கு ருசி தேடுகிற கிழவன் என்றுதான் கதைத்தது. கதைக்கட்டும்.

மருமகள் அருந்ததிக்கு ஆறு மாதம். கிளினிக்கில் உடம்பில் இரத்தம் காணாது என்றுவிட்டார்கள். மிட்வைஃப் பிரியந்தினி வீடு தேடி வந்தா.

"இரத்தம் ஏறாட்டில் பேறு நேரம் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து ஐயா. இரும்புக் குளிசையோடை மீன், கீரை எல்லாம் வடிவாச் சாப்பிடவேணும். சாப்பிட்ட கையோடை தேத்தண்ணி குடிக்கக்கூடாது."

மகன் செந்தூரன் கடற்றொழில் செய்கிறவன். அன்றிலிருந்து நல்ல கொடுவா மீனை விற்காமல் வீட்டுக்கே கொண்டுவந்தான். அடுத்த மாதமும் இரத்தம் ஏறவில்லை. எனக்கு விசர் பிடித்தது.

ஒருநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். எங்கள் எல்லாருக்கும் போட்டுத் தந்துவிட்டு, அருந்ததி கடைசியாக இருந்து வெறும் சோற்றைக் குழம்பில் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள்.

"மீன் எங்கை பிள்ளை?"

"அவருக்கு இரவைக்கு எடுத்து வைச்சிட்டன் மாமா. எனக்குக் குழம்பு காணும்."

ஏசினேன். "ஓம் மாமா" என்றாள். அடுத்த நாளும் அதே குழம்புதான். எல்லாவற்றுக்கும் ஓம் என்கிற பிள்ளையை ஏசி என்ன பலன்?

மறுநாள் அவள் தந்த தட்டைத் தள்ளிவிட்டேன்.

"உப்புக் காணாது. நீயே சாப்பிட்டுப் பார்."

அவள் குழம்பில் விரலை வைத்து நக்கினாள். "சரியாத்தானே இருக்கு மாமா."

"நான் குழம்பைச் சொல்லேல்லை. அந்த மீன் நடுத்துண்டை. நுள்ளிப் பாத்தால் தெரியாது, முழுசாச் சாப்பிடு. கீரையும் கசக்குது, அதையும் பார்."

பயந்துபோய்ச் சாப்பிட்டாள். அவள் முடிக்கும்வரை நான் ஒரு வாய் வைக்கவில்லை. பிறகு தினமும் ஒரு குறை. புளி, தூள், முள். சாப்பிட்ட கையோடு அவள் தேத்தண்ணியை எடுத்தால், "உது மணக்குது, வெளியிலை ஊத்து" என்பேன்.

"ஏனப்பா அவளைப் போட்டு வதைக்கிறியள்?" என்று செந்தூரன் சீறினான்.

"உன்ரை வேலையைப் பார்" என்றேன். மனம் நொந்ததுதான். ஆனால் உண்மையைச் சொன்னால் அவள் பழையபடி ஓம் மாமா என்றுவிட்டுக் குழம்புக்கே போய்விடுவாள்.

நேற்று கிளினிக்குக்குப் போய் வந்தாள். இரத்தம் நன்றாக ஏறியிருக்கிறதாம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வெளியே காட்டாமல் "சரி, சோத்தைப் போடு" என்றேன். இனி இவள் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவாளோ என்று பயமும் இருந்தது. இன்றைக்கு எதில் குறை சொல்லலாம் என்று யோசித்தேன்.

அருந்ததி ஒரே ஒரு தட்டோடு வந்தாள். நடுத்துண்டு அதில்தான் இருந்தது. எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"எனக்குப் பசிக்குது மாமா. நான் முதல் சாப்பிடுறன். உங்களுக்குச் சட்டியிலை இருக்கு."

என் மனுசி சாகும்வரை இந்தக் குசினியில்தான் சமைத்தாள். பசிக்குது என்று அவள் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"சாப்பிடு பிள்ளை" என்றேன். எழும்பிப் போய் எனக்கு நானே சோற்றைப் போட்டுக்கொண்டேன்.