அப்பா வகையில் ஒருவர்

இருநூற்றுச் சொச்சம் முட்டைகளில் பாதியை உரித்திருந்தபோது கொளஞ்சியம்மாளின் போன் அடித்தது. நைனார்பாளையம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தின் ஜன்னல் கட்டையில் அது அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. வீடியோ அழைப்பு. ஜெர்மனியில் படிக்கும் மகன் பகலவன் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் கூப்பிட மாட்டான். இன்று புதன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அங்கே இன்னும் விடியவில்லை. அவன் பின்னால் ஜன்னல் கறுப்பாக இருந்தது. கண் இரண்டும் சிவந்து வழிந்துகொண்டிருந்தன.

"ம்மா, ஒரு பிரச்சன ஆயிட்ச்சிம்மா."

"இன்னாடா? ஒடம்புக்கு இன்னா?"

"போலீஸ் வந்துட்டாங்கம்மா. கீழ நிக்கிறாங்க. பாஸ்போர்ட்ல போட்டுருக்கற அப்பா பேரு பொய்யின்னு யாரோ எழுதிப் போட்டுட்டாங்களாம். ரெண்டு மணி நேரத்துல அப்பா வகையில யாராவது ஒருத்தர் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். இல்லன்னா இன்னிக்கே ப்ளேன் ஏத்திடுவாங்களாம். படிப்பு அவ்ளோதாம்மா."

கொளஞ்சியம்மாள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், அந்தக் கறுத்த ஜன்னலுக்குக் கீழே நிற்கும் போலீசைப் பார்த்துத்தான் கத்தினாள். "எம்புள்ளைக்கு அப்பன் கீறான்யா! சொல்லுடா அவங்களாண்ட! எம்புள்ளைக்கு அப்பன் கீறான்!" பிறகு குரல் இறங்கி, "நீ அழுவாத. நான் வாங்கியாறேன்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்து, போனை முட்டை ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டு, எரிகிற அடுப்பை அப்படியே விட்டு வெளியே ஓடினாள். உதவியாளர் அம்சவள்ளி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

அப்பா வகையில் இருந்தது ஒரே ஒருவர். மேலத்தெருவில் இருக்கும் நாராயணசாமி, அவள் புருஷனின் அண்ணன். அவர் வீட்டு வாசலை அவள் மிதித்து இருபத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

புருஷன் ராசு மரவள்ளி லாரி ஓட்டியவன். கல்வராயன் மலையில் கிழங்கு பிடுங்கும் காலம் வந்தால் வாரக்கணக்கில் மேலேயே தங்கிவிடுவான். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் லாரி உருண்டு அவன் செத்தான். கருமாதியன்று அவளுக்கு வாந்தி வந்தது. கூடியிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அந்தத் துக்கத்திலும் இரண்டு பேர் முகம் மலர்ந்தது. நாராயணசாமி மட்டும் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே விரல் விட்டு நாள் எண்ணினார். "எந்தம்பி ரெண்டு மாசமா மலையிலியே கெடந்தான். இது எப்டி?" என்று பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டார். நடுவில் ஒரு நாள் ராசு பொழுது சாய வந்து, விடியும் முன் திரும்பிப் போனதை அவளைத் தவிர யாரும் பார்த்திருக்கவில்லை. யாரும் பார்க்காததை யாரிடம் சொல்வது? பாகமும் இல்லை, உறவும் இல்லை என்று ஆயிற்று. அவள் அடுத்தவர் கொல்லையில் களை எடுத்து, பிறகு சத்துணவில் சேர்ந்து, பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். ஒவ்வொரு சான்றிதழ் வரும்போதும் முதலில் அவள் எழுத்துக்கூட்டிப் படித்தது அப்பா பெயர் போட்ட இடத்தைத்தான். ராசு. ஒவ்வொன்றிலும் ராசு இருந்தான்.

நாராயணசாமியின் வீட்டை ஒட்டிய களத்தில் மக்காச்சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் இரைச்சலில் ஏழெட்டு கூலிப் பெண்கள் தலையில் துண்டு கட்டி நின்றிருந்தார்கள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொளஞ்சியம்மாள் நேரே போய் அவர் காலில் விழுந்தாள். சட்டென்று காலை இழுத்துக்கொண்டவர், யாரென்று தெரிந்ததும் மெதுவாக அதை முன்னிருந்த இடத்திலேயே வைத்தார். கை காட்டி மெஷினை நிறுத்தச் சொன்னார்.

அவள் விழுந்த வாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

"சத்தமா சொல்லு. மெஷின் எரச்சல்ல காது அடச்சிக்கினு கீது" என்றார். மெஷின் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

அவள் மறுபடி சொன்னாள்.

"இன்னா எழுதித் தரணும்ன்ற?"

"உங்க தம்பி புள்ளன்னு, மாமா."

"யாரு?"

"எம்புள்ள. பகலவன்."

"அவன் யாரு புள்ள?"

"உங்க தம்பி புள்ள, மாமா."

மூன்று தரம் சொல்ல வைத்தார். கூலிப் பெண்கள் சோளத்தைப் பார்ப்பதுபோல் நின்றார்கள். பிறகு அவர் முகத்தில் ஒரு பெருந்தன்மை வந்து உட்கார்ந்தது. நாலு பேர் பார்க்கிறார்கள், ஜெர்மனி வரைக்கும் தன் கையெழுத்து போகப் போகிறது என்பதெல்லாம் அந்த முகத்தில் தெரிந்தது. "எந்தம்பி ரத்தத்த எவனோ வெளிநாட்டுக்காரன் புடிச்சிக்கினு போவான், நான் பாத்துக்கினு இருப்பனா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, உள்ளே இருந்து நோட்டும் பேனாவும் வரவழைத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொடையில் நோட்டை வைத்து, நிதானமாக எழுதினார். கிழித்துக் கொடுத்தார்.

அவள் விரல் வைத்துப் படித்தாள். நைனார்பாளையம் நாராயணசாமி ஆகிய நான் எழுதிக் கொடுப்பது. பகலவன் என் கூடப்பிறந்த தம்பி ராசுவுக்குப் பிறந்த மகன் என்பது உண்மை. 'உண்மை' என்கிற இடத்தில் மை இன்னும் காயவில்லை. ஒரு நிமிஷம் போலீசும் ப்ளேனும் அவளுக்கு மறந்துபோயின. திரும்ப மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நாராயணசாமியின் மனைவி பாப்பாத்தி ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து, "குடி கொளஞ்சி. எப்டி எளச்சிட்ட நீ" என்று கையில் திணித்தாள். அந்த வீட்டு மோரில் ஒரு வாய் குடித்தாள்.

அப்போதுதான் அம்சவள்ளி தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். கையில் கொளஞ்சியம்மாளின் போன்.

"யக்கா! ஒண்ணும் ஆவலக்கா! வெளாட்டாம்! இத்தன நேரமா அடிச்சிக்கினே கீறான்!"

போனில் பகலவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் சிவப்பு இல்லை. "பயந்துட்டியாம்மா? பிராங்க்மா! சும்மா! போலீஸும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ பாட்டுக்குப் போன வெச்சிட்டா நான் இன்னா பண்றது? இதோ, கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிம்மா."

கூலிப் பெண்களில் ஒருத்தி முதலில் சிரித்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் வந்த சிரிப்புதான். மற்றவர்களும் சிரித்தார்கள். பாப்பாத்தி கூட. சிரிப்பு நாற்காலிப் பக்கம் போனதும் நின்றது.

நாராயணசாமி எழுந்தார். "அதான பாத்தேன். ஆத்தாளும் புள்ளையும் பேசி வெச்சிக்கினு வந்திங்களா? எங்கையால எழுதி வாங்கிக்கினு நாளைக்குப் பாகம் கேட்டு கோர்ட்டுக்குப் போலாம்னு?"

"இல்ல மாமா. சத்தியமா எனக்கே தெரியாது..."

"குடு அத."

அவள் கொடுக்கவில்லை. காகிதம் இருந்த கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அவர் பிடுங்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து, குழந்தையின் கையிலிருந்து எதையோ எடுப்பதுபோல், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான்காகக் கிழித்துச் சோளச் சக்கைக் குவியலில் போட்டார். "பெத்தவளையே கூப்புட்டு அப்பன் யாருன்னு கேட்டுப் பாக்குறான் பாரு. அவனுக்கே தெரியல. நான் எழுதித் தரணுமாம்." மெஷினைப் போடச் சொல்லிக் கை காட்டினார். மோர்ச் சொம்பைப் பாப்பாத்தி அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மீதியை வாசலில் ஊற்றினாள்.

"ம்மா, யாரும்மா அங்க கத்தறது? எங்க கீற நீ?"

"கடையாண்ட" என்றாள் கொளஞ்சியம்மாள். "அப்புறம் பேசறேன்."

பள்ளிக்கூடத்தில் சாம்பார் அடிப்பிடித்துக் கருகியிருந்தது. பிள்ளைகள் அன்று வெறும் சோற்றை முட்டையோடு தின்றார்கள். எரிகிற அடுப்பை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டு மறுநாளே கடிதம் வந்தது. வரும் செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சி சத்துணவு ஆபீசுக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை அம்சவள்ளி தன் போனில் அந்த வீடியோவைக் காட்டினாள். பகலவன் இப்படி வீடியோ போடுகிறான் என்பதே அதுவரை கொளஞ்சியம்மாளுக்குத் தெரியாது. நாற்பத்தெட்டு போட்டிருந்தான். காலி பாட்டிலைப் போட்டால் காசுக்குச் சீட்டு தருகிற மெஷின். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாமல் பட்டினி கிடந்த கதை. டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டது. பனியில் வழுக்கி விழுந்து, எழுந்து, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தது. ஒன்றில் தன் பிறந்தநாளுக்குத் தானே சேமியா கிண்டித் தனியாக உட்கார்ந்து தின்றான். அதைப் பதினேழு பேர் பார்த்திருந்தார்கள். நாற்பத்தொன்பதாவது அவளுடையது. அதை இரண்டு நாளில் நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

அதில் முதலில் அவன் கண்ணுக்குக் கீழே தைலம் தேய்த்துக்கொண்டான். "எங்கம்மா எதுக்கும் அசர மாட்டாங்க மக்களே. ஆனா ஒரே ஒரு வீக் பாயின்ட் இருக்கு. எங்கப்பா யாருன்னு ஊர்ல ஒரு டவுட்டு. அதத் தொட்டோம்னா முடிஞ்சிது" என்றான். கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு பையன், "ஓவரா போவுதுடா" என்றான். "அட, அம்மா சிரிச்சிடுவாங்கடா." பிறகு அவள் வந்தாள். கையில் முட்டை ஓடு ஒட்டியிருந்தது. 'எம்புள்ளைக்கு அப்பன் கீறான்யா' என்று அவள் கத்திய இடத்தை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு தரமும் அவள் முகத்தைப் பெரிதாக்கியிருந்தான். பார்த்தவர்கள் கீழே எழுதியிருந்ததை அம்சவள்ளி உற்சாகமாகப் படிக்க ஆரம்பித்து, நாலாவதில் நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான். "ஆறு லட்சம்மா! நீ ஃபேமஸ் ஆயிட்ட. எல்லாரும் அம்மா அம்மான்னு ஒன்னத்தான் கேக்கறாங்க. பெரியப்பா வூட்டுக்கே போயிட்டியாமே? அம்சாக்கா சொன்னாங்க. அங்க இன்னா நடந்திச்சின்னு நீயே ஒரு தடவ சொல்லும்மா, ரெண்டாவது பார்ட்டா போட்டுடலாம்."

அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. ஊருக்கு டவுட்டு சரி, உனக்கு? ஒரு மூச்சில் கேட்டுவிடலாம். ஆனால் போனில் முகம் அவ்வளவு பக்கத்தில் தெரிகிறது. கேட்டு, அவன் பதில் சொல்லும் முன் ஒரு இமைப்பொழுது தயங்கிவிட்டால்? சிரித்துக்கொண்டே தயங்கினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். பிறந்த நாளிலிருந்து பார்த்த முகம்.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் அவளை மதியம் வரை நிற்க வைத்தார்கள். கிளார்க் ஒருவர் ஏறிட்டுப் பார்த்து, "நீங்கதானா அது?" என்று சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, இனி இப்படி நடந்தால் வேலை போய்விடும் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சின்னசேலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது மூன்று கல்லூரிப் பெண்கள் அவளையே பார்த்துப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி தைரியமாகப் பக்கத்தில் வந்தாள். நல்ல பெண். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க அந்த வீடியோ அம்மாதான? எங்களுக்கு ஒங்கள ரொம்பப் புடிக்கும் ஆன்ட்டி. அன்னிக்கு நான் அழுதுட்டேன். அவரு அப்டிப் பண்ணியிருக்கக் கூடாது. நீங்க திருப்பி எதுனா சொல்லுங்க ஆன்ட்டி, நாங்க போடறோம். அவரு பாப்பாரு."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போனை நீட்டிவிட்டாள். திரையில் கொளஞ்சியம்மாள் தன் முகத்தைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அதற்குப் பக்கத்தில் நொடிகள். பின்னால் பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் பின்பக்கத்தைத் தட்டித் தட்டி, "வரலாம் வரலாம்" என்று கூவினார். நெற்றியில் கலைந்திருந்த முடியை அவள் கையால் ஒதுக்கிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"பேசுங்க ஆன்ட்டி. ஓடுது" என்றாள் அந்தப் பெண்.

பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.