ஓ நெகட்டிவ் பட்டியல்

1999இல் குளத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் லிஷாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ரத்தம் கொடுப்பவர்களின் விவரங்களைக் கரையான் அரித்த அட்டைகளிலிருந்து சர்வரில் ஏற்றியவள் அவள்தான். எந்த வார்டிலிருந்தும் திரையில் பார்த்துக்கொள்ளலாம், இனி அட்டை வேண்டாம் என்று சொன்னவளும் அவளே. அட்டைகளை எரித்துவிட்டார்கள்.

ஜூலையில் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு நர்ஸ் லீலாபாய் ஓடிவந்தார்.

"மக்கா, பிரசவம் முடிஞ்ச ஷீஜாவுக்கு ரெத்தம் நிக்கமாட்டேங்கு. ஓ நெகட்டிவ் ஆக்கும். பேரு தேடினா என்னமோ இங்கிலீஷுல எழுதிக் காட்டுது."

லிஷா தன் திரையில் பெயர் தேடும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஆப்ஜெக்டை உருவாக்க முடியவில்லை என்றது. ஆப்ஜெக்ட் என்பது பட்டியலைத் தேடித் தரும் சிறு புரோகிராம். பக்கம் கேட்கும்போதெல்லாம் சர்வர் அதைப் புதிதாக உருவாக்கிக் கொடுக்க வேண்டும். அதன் புதுப் பதிப்பைக் காலையில் போட்டவள் லிஷாதான். போட்டபின் சோதித்துப் பார்க்கவில்லை. பழையதையும் அழித்திருந்தாள்.

"பத்து நிமிஷம் தாங்க சிஸ்டர்."

"பத்து நிமிஷம் உண்டா அவளுக்கு?"

புரோகிராமின் ஃபைல் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. அதை சர்வரில் மறுபடி பதிவு செய்தாள். வெற்றி என்று வந்தது. பக்கத்தைத் திறந்தால் அதே பிழை. சர்வரை அணைத்து மறுபடி போட்டாள். அதே பிழை. பட்டியலை நேராகத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும். அது புரோகிராமை எழுதிய கம்பெனியிடம் இருந்தது. அங்கே போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

வாசலில் ஷீஜாவின் கணவன் விபின் வந்து நின்றான். சட்டையில் ரத்தம். அவள் திரையையே பார்த்தான். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

நான்கு வரியில் ஒரு சோதனைப் புரோகிராம் எழுதி சர்வரில் ஓட்டினாள். ஆப்ஜெக்ட் உருவானது. அவள் கூப்பிட்டால் வருகிறது, பக்கம் கூப்பிட்டால் வரவில்லை. அப்படியென்றால் பக்கம் யாருடைய பெயரில் கூப்பிடுகிறது? அவள் பெயரில் அல்ல. வெப் சர்வருக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டு. காலையில் ஃபைலைத் தன் சொந்த ஃபோல்டரிலிருந்து நகர்த்தியது நினைவுக்கு வந்தது. அதைத் திறக்க அவளுக்கு மட்டும் இருந்த அனுமதி ஃபைலோடு கூடவே வந்துவிட்டது.

வெப் சர்வரின் கணக்குக்குப் படிக்கும் அனுமதி கொடுத்தாள். பக்கம் திறந்தது. நான்கு பெயர்கள்.

முதல் பெயர் காரக்கோணம் சுந்தரதாஸ். லீலாபாய் போனைச் சுழற்றினார்.

"இன்னா இப்பம் வாறேன் சிஸ்டர்," என்றார் சுந்தரதாஸ். இன்னொருவரும் கிடைத்தார். ஆஸ்பத்திரி ஜீப் இருவரையும் கூட்டிவந்தது. ரத்தம் ஏறத் தொடங்கும்போது ஷீஜாவுக்கு நினைவில்லை. மூன்று மணிக்குத்தான் கண் திறந்தாள்.

விபின் லிஷாவைத் தேடிவந்தான். "நீங்க கம்ப்யூட்டர சரியாக்கினதுனாலயாக்கும் அவ உயிரோட கிடைச்சா."

தலையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று லிஷாவுக்குத் தோன்றியது.

"அத காலையில கெடுத்ததும் நான்தான் அண்ணா. சோதிச்சுப் பாக்கல."

விபின் திரும்பி வார்டுக்குள் போனான்.

அவள் பட்டியல் முழுவதையும் பிரின்டரில் எடுத்து, லீலாபாய் கையில் கொடுத்தாள்.