காஸ்டிக் சோடாவுக்கு வந்த அதிகாரி

1973இல் பதுளையில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்குவதைவிட ஒரு யானைக்குட்டி வாங்குவது சுலபம். இறக்குமதி நின்றுபோய், ஊரே பாதி அழுக்கோடு திரிந்தது. அப்போதுதான் கடைக்காரர் ஷுக்ரி, கடைக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் சவர்க்காரம் காய்ச்சத் தொடங்கினார். நான் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்திரண்டு வருடம் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி கண்ணாலேயே எரித்துவிடுவாள் என்பதால் ஷுக்ரிக்கு ஆலோசகரானேன். சம்பளம் கிடையாது, ஆலோசனைக்கு மட்டும் குறைவில்லை.

எங்கள் சவர்க்காரத்தால் துவைத்தால் சட்டையின் அழுக்கோடு கோடுகளும் போய்விடும். ஆனாலும் அதை வாங்க நின்ற வரிசை பக்கத்து ஊரான பசறை வரை நீண்டது. தோட்டத்தில் வேலை குறைந்து வந்த இராக்கம்மாவும் நான்கு பெண்களும் காய்ச்சினார்கள், அச்சில் ஊற்றினார்கள், கம்பியால் வெட்டினார்கள்.

தேங்காயெண்ணெய் இங்கேயே கிடைத்தது. காஸ்டிக் சோடாதான் கொழும்பிலிருந்து பெர்மிட்டில் வரவேண்டும். அதிகாரி நேரில் வந்து உற்பத்தியைப் பார்த்தால்தான் அடுத்த பெர்மிட். கையில் ஒரு வாரத்துச் சோடா மிச்சமிருந்தபோது, வியாழக்கிழமை வருகிறேன் என்று தந்தி வந்தது.

“இந்த பெர்மிட் கெடைக்காட்டி கொட்டில மூட வேண்டியதுதான். என்ன செய்வோம், கிளாக்கரய்யா?” என்றார் ஷுக்ரி.

“எத்தனை பெரிய துரைமாரச் சமாளிச்சவன் நான். என்கிட்ட விடுங்க மொதலாளி.”

தோட்டத்தைப் பார்க்கக் கம்பனியிலிருந்து துரை வருகிறார் என்றால் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வெள்ளையடிப்போம், சாக்கடைக் கான்களைக் கழுவுவோம், ஆட்களைப் பெரட்டுக்கு வரிசையாக நிறுத்துவோம். துரை பார்ப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். இங்கேயும் அப்படியே உத்தரவு போட்டேன். இரண்டு நாள் முன்பே அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

“ஏங்கய்யா, அடுப்பு எரியாம வேலையை எப்படிக் காட்டுறது?” என்று கேட்டாள் இராக்கம்மா.

“புகை பட்டா வெள்ளையடிச்சது கறுத்துப்போகும். நீ தேய்.”

தேய்த்தார்கள். சவர்க்காரம் காய்ச்சும் கிடாரத்தில் முகம் பார்த்து அவள் பொட்டு வைத்துக்கொண்டாள். தரை பளபளத்ததில் ஒரு காகம் வழுக்கி விழுந்ததை நானே கண்டேன்.

மெயில் ரயில் பதுளைக்கு வந்து சேருவதற்குள், கொழும்பில் பிறந்த குழந்தைக்குப் பல் முளைத்துவிடும். அதில் வந்து இறங்கினார் அதிகாரி, ஓர் இளைஞர். கொட்டிலில் ஐந்து பெண்களும் கைகட்டி வரிசையில் நின்றார்கள். அவர் சிங்களத்தில் கேட்க, ஷுக்ரியும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். தமிழில் அது இப்படி இருக்கும்:

“இது என்ன இடம்?”

“சவர்க்காரம் செய்ற இடம் மாத்தயா.”

“சவர்க்காரம் எங்கே?”

ஷுக்ரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“இந்த எடத்தக் கழுவியே எல்லாம் தீந்துபோச்சுங்க,” என்றாள் இராக்கம்மா.

“இப்பவே அடுப்பு மூட்டுறோம், ரெண்டு மணித்தியாலம் இருங்க,” என்று ஷுக்ரி கெஞ்சினார்.

“வந்த நேரத்தில் பார்த்ததைத்தான் நான் எழுதலாம்.” உற்பத்தி எதுவும் நடைபெறவில்லை என்று எழுதினார்.

“சுத்தத்தைப் பற்றி ஒரு வரி எழுதலாமே?” என்றேன் நான்.

“அதற்கு இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.”

இருந்த சோடாவைக் காய்ச்சி முடித்து, அடுப்பு அணைந்து மூன்று வாரமான பிறகு கடிதம் வந்தது. உற்பத்தி இல்லாத இடத்துக்குச் சோடா இல்லை. உற்பத்தி தொடங்கிய பின் விண்ணப்பிக்கவும். சோடா இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று ஒன்பது பக்கத்தில் கேட்டு எழுதினேன். அதே கடிதம் புதுத் தேதியோடு மறுபடி வந்தது.

இராக்கம்மா கொழுந்தெடுக்கத் தோட்டத்துக்கே திரும்பினாள். போகும்போது ஷுக்ரியிடம் சொன்னாள்: “மறுபடி அந்த ஆபீசரு வந்தா எங்களுக்குச் சொல்லி அனுப்புங்க மொதலாளி. கிளாக்கரய்யாவுக்கு மட்டும் சொல்லிறாதீங்க.”

ஷுக்ரி சிரிக்கக்கூட இல்லை. கொட்டிலைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குள் போனார்.